நாயும் நிழற்படமும்

மனிதனோடு மிக நீண்ட காலம் கூடி வாழ்ந்துவரும் விலங்கு யாது என்று கேட்டால், நாய் என்பதே அறிஞர் கூறும் விடை. ஏர் பூட்டி உழவும் ஆநிரை வளர்க்கவும் மனிதன் கற்றுக்கொள்வதற்கு நெடுங்காலம் முன்னதாகவே, அவன் வேட்டையாடித் திரிந்த நாளிலேயே, நாய் அவன் மூட்டிய தீயினருகே வந்து படுத்துக்கொண்டது. ஜேர்மனியில் போன் நகருக்கு அண்மையிலுள்ள ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டில் ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அடக்கம் செய்யப்பட்டிருந்த அக்குழியில் நாயொன்றின் எலும்புகளும் கிடைத்தன. அக்குழியின் வயது ஏறக்குறைய 14,000 ஆண்டுகள். நிழற்படக் கலையோ உலகறிய வெளிவந்து இன்னும் 200 ஆண்டுகூட நிரம்பவில்லை. இத்துணைப் பழைய நட்பும் இத்துணைப் புதிய கருவியும் ஒன்றையொன்று சந்தித்த கதையே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நாய் பாதி வீட்டுக்குரியது, பாதி காட்டுக்குரியது. நம் திண்ணையிலே படுத்திருக்கும்போதும் அதன் செவி வேலிக்கு அப்பால் சருகு அசையும் ஓசையைக் கேட்டுக்கொண்டேயிருக்கிறது. ஆதலால் அதனை எங்கே நிறுத்தி, எவ்வாறு படம் பிடித்தோம் என்று ஆராய்ந்தால், இயற்கையை நாம் எவ்வாறு மதித்தோம் என்பதும் உடன் தெரியவரும்.

நாயின் உருவத்தை நிலைநிறுத்தி வைக்கவேண்டும் என்னும் ஆசை கமராவுக்கு மிக முற்பட்டது. தமிழகத்தில் திருவண்ணாமலைப் பகுதியிலுள்ள எடுத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது அது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமை நிரையைக் காக்கப் பொருது மாண்ட வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அக்கல்லிலே செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறுகின்றது. உருவம், பெயர், செய்த செயல் ஆகிய மூன்றும் அங்கே ஒருங்கே காக்கப்பட்டுள்ளன. நன்றியறிதல் என்பதற்கு இம்மூன்றும் வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர் போலும். கமரா வந்த பின்னர் உருவத்தைப் பெறுதல் எளிதாயிற்று. ஏனைய இரண்டும் என்னவாயின என்பதை நாம் தொடர்ந்து கவனித்து வருவோம்.

1839ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 19ஆம் நாள், டாகர் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ட படப்பிடிப்பு முறை பாரிஸ் நகரின் விஞ்ஞானக் கழகத்தில் உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டிலே ஒளி தானே வரைந்த ஓவியம் அது. ஆனால் அந்த ஓவியன் மிக மெதுவாகவே வரைந்தான். ஒரு படம் பதிவதற்குப் பல நிமிடங்கள் சென்றன. 1838ஆம் ஆண்டில் டாகர் தம் சாளரத்திலிருந்து பாரிசின் பெருவீதியொன்றைப் படம் பிடித்திருந்தார். வண்டிகளும் மாந்தரும் நிறைந்த வீதி அது. படத்திலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. அசைந்தவை யாவும் மறைந்துபோயின. காலணிக்கு மெருகேற்றுவித்துக்கொண்டு ஓரிடத்தில் நின்ற ஒருவரின் உருவமே, நின்ற காரணத்தால், தகட்டில் நன்கு தங்கிற்று.

இத்தகைய கருவியின் முன்னே நாய் என்ன செய்யும்? மனிதரைப் படம் பிடித்தோர் கழுத்தின் பின்புறம் இரும்புத் தாங்கியொன்றை வைத்துத் தலையை அசையாமல் நிறுத்தினர். நாய்க்கு அது பொருந்துமோ? எசமானைக் கண்டவுடன் வாலாட்டுவது அதன் பிறவிக் குணம். அன்பைக் காட்டும் அவ்வசைவே அதன் வாலைப் படத்திலிருந்து அழித்துவிட்டது. ஆதலால் அக்காலத்துப் படங்கள் பலவற்றில் நாய் உறங்குகின்றது; அல்லது எசமானின் மடியிலே இறுகப் பிடித்துவைக்கப்பட்டிருக்கின்றது; அல்லது உடல் தெளிவாயும் தலை புகைபோன்றும் தோன்றுகின்றது. நாய் அசையாதிருந்தால்தான் கமரா அதனைக் காண முடிந்தது. அசையாதிருத்தலோ நாயின் இயல்புக்கு மாறானது.

1851ஆம் ஆண்டில் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டில் ஈரப் பூச்சுப் பூசிப் படம் பிடிக்கும் முறையை வெளியிட்டார். நிமிடங்கள் விநாடிகளாகச் சுருங்கின. செல்வர் மனைகளிலும் அரண்மனைகளிலும் வளர்ந்த நாய்கள் தனியே படம் பிடிக்கப்படலாயின. விக்டோரியா மகாராணியார் நாய்கள்மீது பெருவிருப்புடையவர். வின்சர் மாளிகையில் அவர் வளர்த்த நாய்களை வில்லியம் பாம்பிரிட்ஜ் என்னும் கலைஞர் படம் பிடித்தார். அவற்றுள் ஒரு படம் நாம் சற்று நின்று நோக்கத்தக்கது.

1860ஆம் ஆண்டில் ஆங்கிலப் படையும் பிரெஞ்சுப் படையும் சீனத்தின் தலைநகராகிய பீக்கிங்குக்கு அருகிலிருந்த கோடைகால அரண்மனையைச் சூறையாடின. அரண்மனை தீக்கிரையாயிற்று. அங்கே அகப்பட்ட சிறு நாய்களுள் ஒன்றைப் படைத் தலைவரொருவர் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து 1861ஆம் ஆண்டில் மகாராணியாருக்கு அளித்தார். அந்நாய்க்கு இட்ட பெயர் லூட்டி. கொள்ளைப் பொருள் என்பதையே அப்பெயர் குறிக்கும். கெயில் என்ற ஓவியர் அதனை வரைந்தார். 1865ஆம் ஆண்டில் பாம்பிரிட்ஜ் அதனைப் படம் பிடித்தார். 1872ஆம் ஆண்டில் அது இறந்தது. உருவம் இருக்கின்றது, பெயரும் இருக்கின்றது. ஆனால் அப்பெயர் நாயின் செயலைக் கூறவில்லை. அதனைக் கவர்ந்தவரின் செயலையே கூறுகின்றது. கோவிவனின் கல்லையும் லூட்டியின் படத்தையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தால், நினைவுச் சின்னத்துக்கும் உடைமைப் பட்டியலுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

1871ஆம் ஆண்டில் ரிச்சர்ட் லீச் மடொக்ஸ் என்னும் வைத்தியர் உலர்தகட்டு முறைக்கு அடிகோலினார். அம்முறை வளர வளர, விநாடியின் சிறு கூறு ஒன்றில் படம் பிடிப்பது கைகூடிற்று. இம்மாறுதலின் பயனை முழுவதும் கண்டவர் எட்வர்ட் மைபிரிட்ஜ். 1878ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஓடும் குதிரையை வரிசையாக நிறுத்திய கமராக்களால் படம் பிடித்துப் புகழ்பெற்ற இவர், பின்னர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1887ஆம் ஆண்டில் வெளியான அவருடைய தொகுதியில் 781 படத்தாள்கள் அடங்கியிருந்தன. மனிதர், குதிரை, யானை, பறவை முதலியவற்றோடு நாய்களும் அதில் இடம்பெற்றன. டிரெட் என்னும் பெருநாயும் மாகி என்னும் வேட்டைநாயும் தத்தம் பெயரோடு அங்கே நடக்கின்றன, ஓடுகின்றன.

அப்படங்கள் ஓர் உண்மையை வெளிப்படுத்தின. பாயும் குதிரையின் நான்கு கால்களும் முன்னும் பின்னும் நீண்டு வானில் மிதப்பதாகவே ஓவியர் நெடுங்காலம் தீட்டிவந்தனர். அது தவறு என்பதைக் கமரா காட்டிற்று. நாலுகால் பாய்ச்சலில் குதிரை நிலத்தைவிட்டு முற்றும் எழும் கணத்தில், அதன் கால்கள் வயிற்றின்கீழ்க் குவிந்திருக்கின்றன. ஆனால் வேட்டைநாயோ பாய்ச்சலின்போது இருமுறை நிலத்தைவிட்டு எழுகின்றது. கால்கள் குவிந்த நிலையில் ஒருமுறை, முன்னும் பின்னும் நீண்ட நிலையில் ஒருமுறை. குதிரைக்கு ஓவியர் பொய்யாக அளித்த பாய்ச்சல், நாய்க்கு மெய்யாகவே உரியதாயிருந்தது! 14,000 ஆண்டுகள் அருகிருந்தும் மனிதக் கண் தெளிவாகக் காணாத ஒன்றை, நாயை ஓடவிட்டபோதே கமரா கண்டுகொண்டது. அசையாதே என்று கட்டளையிட்ட காலம் அன்றோடு முடிவுற்றது எனலாம்.

அடுத்த மாறுதல் ஏழை எளியோரின் இல்லங்களில் நிகழ்ந்தது. 1888ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் கொடாக் கமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1900ஆம் ஆண்டில் வெளியான பிரவுணி என்னும் பெட்டிக் கமராவின் விலை ஒரு டொலர் மாத்திரமே. சிறுவரும் அதனை இயக்கலாம். ஆயின் அதற்கு நல்ல வெயில் வேண்டும். வீட்டினுள்ளே அது பெரும்பாலும் பயன்படாது. ஆதலால் குடும்பம் முற்றத்துக்கு வந்தது. குடும்பத்தோடு நாயும் வந்தது. மெத்தையிலும் மேசையிலும் இருத்தப்பட்ட நாய், இப்பொழுது புல்லிலும் மணலிலும் ஆற்றங்கரையிலும் நின்றது. கருவியின் ஒரு குறைபாடே நாயை அதற்குரிய வெளியில் கொண்டுபோய் நிறுத்திற்று.

இனி, இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதிக்கு வருகின்றேன். 1914ஆம் ஆண்டில் சர் ஏர்னெஸ்ட் ஷாக்கில்டன் தென்துருவக் கண்டமாகிய அந்தாட்டிக்காவைக் குறுக்கே கடக்கும் நோக்கத்தோடு புறப்பட்டார். என்டூரன்ஸ் என்னும் அவருடைய கப்பலில் 28 பேரும், பனிவண்டி இழுப்பதற்காக ஏறக்குறைய 70 நாய்களும் சென்றனர். அவுஸ்திரேலியரான பிராங்க் ஹர்லி அக்குழுவின் படப்பிடிப்பாளர். 1915ஆம் ஆண்டு சனவரியில் கப்பல் வெடல் கடலின் பனிக்கட்டிகளிடையே சிக்கிக்கொண்டது. மாதக்கணக்கில் அது நகரவில்லை. நாய்களைப் பனித்தளத்தில் இறக்கி, பனிக்கட்டிகளாலேயே அவற்றுக்குக் கூடுகள் அமைத்தனர். அந்த நீண்ட காத்திருப்பிலே, வண்டி இழுக்க வந்த விலங்குகள் குழுவினரின் தோழர்களாயின. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஹர்லி அவற்றைத் தனித்தனியே, பெரியாரின் உருவங்களைப் பிடிப்பதுபோன்ற மதிப்போடு படம் பிடித்தார். ஓநாய்ச் சாயல் மிக்கிருந்தமையால் லூபோயிட் என்று பெயர்பெற்ற நாயின் முகம் ஒரு படத்தில் நம்மை நேரே நோக்குகின்றது. மற்றொன்றில், தொம் கிறீன் என்னும் முரட்டுக் கடலோடி நான்கு குட்டிகளைத் தாய்போல ஏந்தி நிற்கின்றார். ஹர்லியின் வண்டிக்கு முன்னோடியாயிருந்த நாய்க்கு ஷேக்ஸ்பியர் என்று பெயர்.

1915ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் நாள், பனியின் நெருக்குதலால் நொறுங்கிய கப்பலைக் கைவிட நேர்ந்தது. நாய்கள் பனித்தளத்தில் அமர்ந்து அக்கப்பலின் சிதைவை நோக்கிக்கொண்டிருக்கும் படமொன்றை ஹர்லி எடுத்துள்ளார். மனிதரின் தோல்விக்கு வாயற்ற சீவன்கள் சாட்சியாய் நிற்கும் காட்சி அது. அதன்பின் உணவு சுருங்கிற்று. முதலில் குட்டிகளைச் சுட்டார்கள்.  1916ஆம் ஆண்டு சனவரி தொடங்கி ஏப்ரில் வரையிலான மாதங்களில் எஞ்சிய நாய்கள் யாவும் சுடப்பட்டன. இறுதியில் கொல்லப்பட்டவற்றின் இறைச்சி உணவாயிற்று. சுட்டவர்கள் கொடியவர்கள் அல்லர், அவற்றை நேசித்தவர்களே.

ஹர்லியின் படங்கள் எவ்வாறு தப்பின? மூழ்கிக்கொண்டிருந்த கப்பலின் உறைநீரில் அவர் இறங்கித் தகட்டுப் பெட்டிகளை மீட்டார். எல்லாவற்றையும் சுமக்க இயலாது. ஆதலால் அவரும் ஷாக்கில்டனும் பனியின்மேல் அமர்ந்து ஏறக்குறைய 120 தகடுகளைத் தெரிந்தெடுத்தனர். பின்னொருகால் மனம் மாறக்கூடாதென்று, எஞ்சிய 400 அளவிலான தகடுகளை உடைத்தெறிந்தனர். தப்பிய தகடுகளும், கைக்கமராவில் பிடித்த சில சுருள்களும் யானைத் தீவில் மாதக்கணக்காகக் காத்திருந்து, 1916ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் நாள் மனிதரோடு கரைசேர வழிபிறந்தது. என்டூரன்ஸ் கப்பலில் சென்ற 28 பேரும் உயிர்தப்பினர். நாயின் படத்தைச் சுமந்துசெல்ல முடிந்தது. நாயை அழைத்துச்செல்ல முடியவில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அக்கப்பல் கடலுக்கடியில் ஏறக்குறைய 3,000 மீற்றர் ஆழத்தில் கண்டறியப்பட்டபோது, உலகெங்குமுள்ள மக்கள் மீண்டும் அப்படங்களை எடுத்துப் பார்த்தனர். உருவம், பெயர், செய்த செயல் ஆகிய மூன்றும் அங்கே உள்ளன. ஹர்லி தகட்டிலே நட்ட நடுகற்கள் அவை.

இக்கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. அந்தாட்டிக்காவின் இயற்கையைக் காப்பதற்காக 1991ஆம் ஆண்டில் மட்ரிட் நகரில் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அக்கண்டத்துக்கு உரியன அல்லாத விலங்குகளில் நாயும் ஒன்று; அதன் நோய் கடல்நாய்களுக்குத் தொற்றக்கூடும் என்ற அச்சமும் இருந்தது. ஆகவே 1994ஆம் ஆண்டு ஏப்ரில் முதலாம் நாளுக்கு முன்னர் நாய்கள் யாவும் அங்கிருந்து அகற்றப்பட்டன. நாயை நேசிப்பதும் இயற்கையை நேசிப்பதும் எப்பொழுதும் ஒரே வழியிற் செல்வதில்லை. நாய் செல்லுமிடமெல்லாம் மனிதனின் சுவட்டையும் கொண்டுசெல்கின்றது. அழகிய காட்டிலே நாயை அவிழ்த்துவிட்டுப் படம் பிடிக்க விழைவோர், அக்காட்டில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்கும் பறவையையும் நினைத்துக்கொள்ளல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாயைக் கலைநோக்கோடு படம் பிடித்தவர்களுள் இருவரைக் குறிப்பிடுவேன். ஒருவர் எலியட் ஏர்விட். 1928ஆம் ஆண்டில் பாரிசில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து 2023ஆம் ஆண்டில் மறைந்தவர். 1946ஆம் ஆண்டில் நியூயோர்க் வீதியொன்றில் அவர் எடுத்த படத்தில், கம்பளிச் சட்டையணிந்த மிகச் சிறிய நாயொன்று நம்மை நோக்குகின்றது. அதனருகே ஒரு பெண்ணின் பாதங்கள் மாத்திரம் தெரிகின்றன. அவ்வளவே படம். நின்றுகொண்டு கீழே நோக்கினால் இப்படம் கிட்டாது. கமரா தரைக்கு இறங்கவேண்டும். அங்ஙனம் இறங்கியபோது, நாயின் உலகில் மனிதன் என்பவன் ஓர் இணைச் செருப்பே என்னும் வேடிக்கையான உண்மை புலனாயிற்று. நாய்களின் கவனத்தை ஈர்க்கத் தாமே குரைத்துக் காட்டும் வழக்கமும் அவருக்கு உண்டு. நகரின் கற்பாதையிலும் அவர் நாயை நாயாகவே கண்டார்.

மற்றவர் 1943ஆம் ஆண்டில் பிறந்த வில்லியம் வெக்மன் என்னும் அமெரிக்க ஓவியர். 1970ஆம் ஆண்டில் வைமரானர் என்னும் ஜேர்மானிய வேட்டையினத்து நாய்க்குட்டி ஒன்றை அவர் வளர்க்கத் தொடங்கினார். அதற்கு மான் ரே என்று ஒரு புகழ்பெற்ற கலைஞரின் பெயரையே இட்டார். கலைக்கூடத்தில் அவர் வேலை செய்யும்போதெல்லாம் குட்டி இடையே புகுந்தது. அதனை விலக்காமல் தம் படங்களிலேயே சேர்த்துக்கொண்டார். 1979ஆம் ஆண்டு முதல் 20 அங்குல அகலமும் 24 அங்குல உயரமுமுள்ள படங்களை உடனே தரும் பெரிய போலறொயிட் கமராவில் அதனைப் படம் பிடித்தார். அக்கருவியின் நிறை ஏறக்குறைய 235 இறாத்தல். மான் ரே 1982ஆம் ஆண்டில் இறந்தது. பின்னர் வந்த பே ரே என்னும் நாயும் அதன் வழித்தோன்றல்களும் மனித ஆடையணிந்து தோன்றும் படங்கள் உலகெங்கும் பரவின. அவற்றைக் கண்டு நகைப்போர் உளர். நாயைப் பொம்மையாக்கினார் என்று குறைகூறுவோரும் உளர். ஆயினும் அவர் கோடைகாலங்களில் மேயின் மாநிலத்தின் ஏரிகளிடையே எடுத்த படங்களையும் காணவேண்டும். 2012ஆம் ஆண்டில் அம்மாநிலத்தின் போடன் கல்லூரி அரும்பொருட் காட்சிச்சாலையில், இயற்கையே வணக்கம் என்று பொருள்படும் பெயரோடு அவருடைய படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. வைமரானர் நாயின் சாம்பல் நிறம் பாறையோடும் மரப்பட்டையோடும் மூடுபனியோடும் இயைந்துபோவது. ஆடை நீங்கிய இடத்தில் அந்நாய் நிலத்தின் ஒரு பகுதிபோலவே தோன்றுகின்றது.

இன்று கைத்தொலைபேசி வைத்திருப்போர் யாவரும் படப்பிடிப்பாளரே. உலகில் ஒரு நாளில் எடுக்கப்படும் நாய்ப் படங்களுக்குக் கணக்கில்லை. படம் பெருகியதனால் நாய்க்கு நன்மை பெருகிற்றா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. சப்பை முகமும் உருண்டை விழியும் படத்தில் அழகாகத் தோன்றுகின்றன. அவ்வழகை விரும்பி, மூக்கு மேலும் மேலும் குறுகும்படி இனப்பெருக்கம் செய்யப்பட்ட நாய்களுள் பல மூச்சுவிடவே இடர்ப்படுகின்றன. லூட்டியின் இனமும் சப்பை முகமுடையதே. இத்தகைய நாய்களின் படங்களை விளம்பரங்களில் பயன்படுத்தவேண்டாம் என்று பிரித்தானிய விலங்கு மருத்துவர் சங்கத்தார் கேட்டுவருகின்றனர். படம் ஒரு விருப்பத்தை வளர்க்கின்றது. அவ்விருப்பம் ஓர் உயிரின் மூச்சைச் சுருக்குகின்றது. நாயைப் படம் பிடிப்பது விளையாட்டுச் செயல் என்று கருதுவோர் இதனைச் சிந்திப்பாராக.

இவ்வரலாறு கற்பிக்கும் முறை எளியது. நாயைப் படம் பிடிக்க விரும்பும் இளைஞர் முதலில் தரையில் அமர்தல் வேண்டும். காலையிலோ மாலையிலோ, வெயில் தணிந்த நேரத்தில், நாய் தான் விரும்பிய வழியே செல்லவிட்டு, அதன் கண்மட்டத்தில் கமராவை வைத்துக் காத்திருத்தல் வேண்டும். உடுப்பணிவித்தலும் உருட்டி மிரட்டலும் வேண்டியதில்லை. நாய் உலகை முதன்மையாக அறிவது மூக்கினால். காற்று வரும் திசையில் முகத்தை உயர்த்தி அது நிற்கும் வேளையில், நாம் அறியாத செய்திகள் பல அதனை வந்தடைகின்றன. மணத்தைப் படம் பிடிக்கும் கருவி இன்னும் தோன்றவில்லை. ஆனால் மணம் வந்தடைந்த முகத்தைப் படம் பிடிக்கலாம். இயற்கைக்கும் நாய்க்குமுள்ள உறவு அந்த முகத்தில் எழுதப்பட்டிருக்கும்.

நாயின் வாழ்நாள் குறுகியது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது நம்மைவிட்டுப் போய்விடும். எஞ்சி நிற்பது படமே. அப்படத்தின் பின்புறத்தில் நாயின் பெயரையும், அது வீட்டுக்குச் செய்த ஒரு நற்செயலையும் எழுதிவையுங்கள். பின்னர் வரும் பிள்ளைகள் அதனைக் காணும்போது, ஒரு விலங்கின் வடிவத்தை மாத்திரமன்றி, அவ்வீட்டாரின் நன்றியுணர்வையும் சேர்த்துக் காண்பார்கள்.